மஞ்சள் சீட்டு ஒட்டிய இடம்

நவம்பர் 3, செவ்வாய்

காப்பீட்டுத் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்துவிட்டன. பல்லுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று ஆளுக்கு இருபத்திரண்டு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டுவது என் வேலை. இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக, ஒவ்வொரு நவம்பரிலும். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இருக்கை செய்கிறவர்களுக்கு உட்கார்ந்து படிக்க ஏது நேரம்? மஞ்சளைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், ஒரு டோநட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இருபதே நிமிஷத்தில் மொத்தத் தொழிற்சாலையும் முடிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நவம்பர் 5, வியாழன்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் லோவல் வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது பேரின் தாள்கட்டோடு இன்னொரு தாளையும் சேர்க்க வேண்டுமாம். "புதுசா ஒண்ணுமில்ல நோரீன். ஏழு வருஷம் முன்னாடி எல்லார்கிட்டயும் வாங்கினமே, அதே தாள்தான்." வேலை செய்கிறவர் பேரில் கம்பெனி தன் செலவில் ஆயுள் காப்பீடு எடுப்பதற்கான தாள்.

ஏற்கெனவே அப்படிக் காப்பீடு எடுக்கப்பட்டவர்களின் பட்டியலையும் வைத்துவிட்டுப் போனார். "பேர்ல எழுத்து சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

பார்த்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது பேர் என்னுடையது. நாற்பத்தோராவது வெண்டல்.

அவன் பேருக்கு எதிரே, 'இறப்புத் தொகை வழங்கப்பட்டது.' தேதி, அவனை அடக்கம் செய்து இரண்டு மாதம் கழித்து. பெற்றுக்கொண்டவர்: கம்பெனி.

என் வெண்டல். என் புருஷன். செத்தபோது அவன் இங்கே வேலையில்கூட இல்லையே! பெயின்ட் ரூமை விட்டு எட்டு மாதமாகியிருந்தது. அப்புறம் எப்படி?

நவம்பர் 6, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று சொன்னேன்.

நவம்பர் 9, திங்கள்

பழைய அலமாரியைத் திறந்து வெண்டலின் தாளைத் தேடி எடுத்தேன். யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றே நம்பினேன். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

அவன் கையெழுத்தேதான். கடைசி எழுத்தைக் கோழிவால் மாதிரி இழுத்துவிடுவது வேறு யாருக்கும் வராது. பக்கத்தில் மஞ்சள் சீட்டு. கிழிக்காமல் அப்படியே.

நான் ஒட்டியது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம். கையெல்லாம் பெயின்ட். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "எங்க போடணும் நோரீன்?" என்றான். "மஞ்சள் இருக்கற இடத்துல" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

தரையில் உட்கார்ந்து தாளை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அதிகபட்சம் எவ்வளவு தொகை என்று இருக்கிறது. நீ இறந்தால் பணம் கம்பெனிக்கு என்று இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் இது தொடரலாம், அதற்கும் நீ சம்மதிக்கிறாய் என்று இருக்கிறது. பொடி எழுத்துகூட இல்லை.

நவம்பர் 10, செவ்வாய்

லோவலுக்கு போன் செய்தேன். பாவம், வெண்டலின் பேர் அந்தப் பட்டியலில் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லையாம்.

"சட்டம் அப்படி நோரீன். பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஆளுக்கு எழுத்துல சொல்லணும், அவரும் எழுத்துல சரின்னு சொல்லணும். இல்லேன்னா கம்பெனிக்கு வர்ற பணத்துக்கு வரி போட்டுடுவாங்க. முந்தியெல்லாம் இதுகூட இல்ல. தரை கூட்டறவங்க பேர்லகூட அவங்களுக்கே தெரியாம எடுத்திருக்காங்க."

நாள் முழுக்க இதே நினைப்பு. வாஷிங்டனில் யாரோ, வெண்டலின் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள், இண்டியானாவில் பெயின்ட் அடிக்கிற ஒருவனின் சாவில் பணம் வருமென்றால் முதலில் அவனைக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கேள்வி அத்தனை தூரம் கடந்து என் மேஜைவரை வந்திருக்கிறது. நான் அதன் மேல் சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 12, வியாழன்

முதலாளி கர்ட்டிஸின் அறைக்குப் போனேன். பட்டியலை மேஜையில் வைத்தேன். அவர் முகம் சிவந்தது.

"நான் மறைக்கலியே நோரீன். நீங்கதானே கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்க?"

"ஆமா. நான்தான்."

கர்ட்டிஸ் பட்டியலை என் பக்கம் தள்ளினார். அப்புறம் மெதுவாக, "பெயின்ட் ரூம்ல புகை உறிஞ்சற மெஷின் போட்டமே... அது எந்தப் பணம்னு நினைச்சீங்க?" என்றார்.

வெண்டல் ஒன்பது வருஷம் கேட்ட மெஷின்.

"அவன் இருமிக்கிட்டு நின்னப்பவே வாங்கியிருக்கலாமே கர்ட்டிஸ்?"

"அப்ப கையில காசில்ல."

பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது, புதியவர்களுக்கு அந்தத் தாளை வாய்விட்டுப் படிக்கப் போகிறேன் என்றேன். "சட்டம் அதைக் கேக்கலியே" என்றார். "கூடாதுன்னும் சொல்லலியே" என்றேன். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது எனக்கு. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

பிறகு பெயின்ட் ரூமில் போய் நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர், ஒருவருக்கும் இருமல் இல்லை. ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுத்தமான காற்றை மூச்சிழுத்தபோது அதைவிடப் பெரிதாக ஒன்று தோன்றியது. என் வெண்டல்தான் இந்தக் காற்று.

நவம்பர் 13, வெள்ளி

"உடம்பு எப்படி இருக்கு நோரீன்?" என்று கர்ட்டிஸ் கேட்டார். பன்னிரண்டாவது பேர் நான். இனி இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது!

நவம்பர் 18, புதன்

சீட்டு ஒட்டாமல் கட்டுகளைக் கொடுத்தேன். சாப்பாட்டு அறையில் பத்தொன்பது பேர். அந்த ஒரு தாளை வரி வரியாகப் படித்தேன்.

வெல்டிங் பார்க்கிற ஒடெஸா கையைத் தூக்கினாள். "இரும்மா, இரு. நான் செத்தா கர்ட்டிஸுக்குப் பணமா? என் பொறந்தநாளுக்கு அவ்ளோ பெரிய கேக் எதுக்குன்னு இப்பல்ல புரியுது!" ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவளே, "போடலைன்னா வேலை போயிடுமா?" என்றாள்.

கதவருகே கர்ட்டிஸ் நின்றிருந்தார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"போகாது" என்றார் அவர். எல்லார் காதிலும் விழுந்தது.

"என் வீட்டுக்காரர் படிக்காம போட்டாரு. சீட்டு ஒட்டினது நான்" என்று சொன்னேன். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். டோநட்டில் பாதி அப்படியே மிச்சம்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தப் பத்தொன்பது பேரின் வண்டிகள் கிளம்பவே இல்லை. குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங் மேல் தாளை விரித்து, ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். ஒடெஸாவின் உதடு அசைவதுகூடத் தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம் நானும் போய் என் காரில் உட்கார்ந்தேன். வெண்டலின் தாளை எடுத்து, மஞ்சள் சீட்டை உரித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பக்கத்து இருக்கையைப் பார்த்து, சத்தமாகப் படித்தேன்.

"வேணும்னா போடு வெண்டல்" என்றேன். "வேண்டாம்னா விட்டுடு."