திண்டிவனத்து நூடுல்ஸ் சூப்பு

அனுஷா கண்ணு,

போன்ல பேசினா அப்பா ஸ்பீக்கர்ல போடச் சொல்றாரு. அதான் எழுதுறேன்.

திண்டிவனம் பைபாஸ்ல நீ கூட்டிக்கினு போன ஜப்பான் நூடுல்ஸ் கடையை அவரு மறக்கவே மாட்டேன்றாரு. நம்ம சமண வழக்கப்படி பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணுமேன்ற அவசரத்துலயும் பூண்டு இருக்கா, கிழங்கு இருக்கா, முட்டை இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டாரே. சூப்பை எதைப் போட்டுக் கொதிக்க வெச்சாங்கன்னு கேக்க நம்ம யாருக்கும் தோணல.

கை கழுவப் போனப்ப அடுப்பாண்ட அந்த அண்டாவைப் பாத்தேன். உள்ள எலும்பு. நான் திரும்பி வந்து வாயைத் திறக்கறதுக்குள்ள, என் மூஞ்சைப் பாத்துட்டு மேசைக்கடியில நீ என் காலை மிதிச்ச. தண்ணியைக்கூட துணியில வடிகட்டிக் குடிக்கிற மனுஷன், கிண்ணத்தைத் தூக்கிக் குடிச்சிக்கினு இருந்தாரு.

வீட்டுக்கு வந்ததுலேர்ந்து தெனமும் அதே மாதிரி சூப்பு வெச்சுக் குடுன்னு கேட்டாரு. பருப்புத் தண்ணி, காய் வேகவெச்ச தண்ணி, எதைக் குடுத்தாலும் "அந்த ருசி இல்லியே"ன்னாரு.

நேத்து சூப்பு கேக்கல. என்னையே பாத்துக்கினு இருந்துட்டு, "அன்னிக்கு நீ மட்டும் ஏன் கிண்ணத்தைத் தொடவே இல்ல?"ன்னாரு.

பசி இல்லைன்னு சொல்லிட்டேன்.

இன்னிக்குக் காலையிலேர்ந்து அவரும் பசி இல்லைன்னேதான் சொல்றாரு. தண்ணிகூட வேணாம்றாரு. ஜல்தி கிளம்பி வா.

உன் அம்மா