பழ வாசம்

27.10.2003, திங்கள்
காலையில் தூறல். கந்தசட்டி இரண்டாம் நாள். வாங்க: கற்பூரம், திரி, மண்ணெண்ணெய் ஒரு போத்தல்.

மகள் சுமதிக்கு இது முதல் விரதம். சோதனை பாஸ் பண்ண நேர்த்தி. இளநீர் மட்டும். நேற்றிலிருந்து அவளுடைய இன்சுலின் ஊசியை நிறுத்தியிருக்கிறேன். ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னவர்கள். சாப்பாடே இல்லை, பிறகு ஊசி எதற்கு? மருந்து தண்ணீர் வைத்த மண்முட்டிக்குள் குளிராகப் பத்திரம்.

28, செவ்வாய்
வாடைக்காற்று. பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். விரதக் களை. பின்னேரம் விபூதி பூசக் குனிந்தேன். அவள் வாயில் கனிந்த பழ வாசம்.

"என்னடி, வாழைப்பழம் திண்டனியே?"

"இல்லையம்மா."

"முருகனுக்கு முன்னால பொய் சொல்லாதை."

"சத்தியமா இல்லையம்மா."

பூசைக்கு வைத்த குலையை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் விடவில்லை. "வேறெங்கையோ வாங்கித் திண்டிருக்கிறாய்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

29, புதன்
விடியச் சத்தி எடுத்தாள். ஓடி வந்தவள் போல ஆழ ஆழ மூச்சு. இளைப்பென்று நெஞ்சில் எண்ணெய் தடவினேன். பக்கத்து வீட்டு இராசன் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை மயங்குது, நீர் எண்ணெய் பூசுறீர்! தூக்கும், போட் வெளிக்கிடப் போகுது."

எங்கள் தீவிலிருந்து குறிகட்டுவான் துறை வரை கடலில் அந்த மூச்சுத்தான் கேட்டது.

30, வியாழன்
யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி. சூரன்போர் என்பதே மறந்துபோயிற்று. டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, என்மேல் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"சாப்பிடாட்டிலும் இன்சுலின் வேணும், அம்மா. அது இல்லாட்டி உடம்பு கொழுப்பை எரிக்கும், இரத்தத்தில அமிலம் ஏறும். கிட்னி கழிச்சுப் பார்த்தது, ஏலாமப் போச்சு. மிச்சத்தை மூச்சாலை தள்ளத்தான் பிள்ளை அப்பிடி இழுத்தவ."

"அந்தப் பழ வாசம்?"

"அதுவும் அந்தக் கொழுப்பு எரியிறதாலைதான்."

வீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிறவள் நான். பிள்ளையின் உடம்பு ஒவ்வொரு மூச்சாகக் கணக்கைச் சரிக்கட்டப் பாடுபட்டிருக்கிறது. நான் வாழைப்பழம் எண்ணினேன். முருகா.

31, வெள்ளி
மழை. கண் திறந்தாள். கஞ்சி இரண்டு கரண்டி. ஊசி போட்டார்கள். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டேன். அவளே என் கழுத்தைப் பிடித்துக் கிட்ட இழுத்தாள்.

"மணந்து பாருங்கோ அம்மா. இப்ப பழம் மணக்குதோ?"

"இல்லையடி."

"சத்தியமா?"