பெயர் சொல்லக் கூடாத மரம்

உ
இலஞ்சி
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு, பாலம்மாள் வணங்கி எழுதுவது. இலஞ்சிக் குமரன் புண்ணியத்தில் நானும் மகள் செண்பகமும் சுகம். கண்டியில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். துணிக்கடையில் வேலை பார்க்கிற மனுஷன் குளிருகிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஒரு பீஸை உருவிப் போர்த்திக்கொள்ளுங்கள். முதலாளி கேட்டால் மடிப்புக் கலைந்ததா என்று பார்த்தேன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் சம்மதம் எழுதிய சிவகிரி இடத்துக்காரர்கள் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை சுந்தரபாண்டி பஸ்ஸில் கண்டக்டர். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் எப்படி ‘ரைட்’ சொல்கிறார் என்று தெரியவில்லை. செண்பகம் அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வாள். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம், நம் வீட்டு முற்றத்திலேயே பந்தல்.

சம்பந்தியம்மாள் பெயர் இராமலட்சுமி. வந்ததும் வராததுமாக முற்றத்தில் நீங்கள் நட்ட மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டாள். மரம் இப்போது இலையெல்லாம் கொட்டி, நுனிக்கு நுனி சிவப்பாகப் பூத்து, மைனாக் கூட்டத்தால் அலறிக்கொண்டிருக்கிறது. “மரமே கூறைச் சேலை கெட்டி நிக்கி! பந்தல் கால்நாட்டுக்கு வேற எங்கயும் போவாண்டாம் சம்பந்தி, இதுலயே ஒரு கொப்பு வெட்டிருவோம்” என்றாள். மரத்தின் முழுப் பெயரையும் சொல்லித்தான் மெச்சினாள். அவளுக்கென்ன, சொல்லலாம். எனக்குக் ‘கல்யாண’ என்பது வரைக்கும்தான் வாய் வரும். அதற்கு மேல் போனால் உங்கள் பெயரில் முக்கால்வாசி வந்துவிடும். கட்டியவன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று உங்கள் அம்மா சொல்லிவைத்துவிட்டுப் போனாள். காய்கறிக்காரியிடம்கூட நான் ‘நீளக் காய்’ என்றுதான் கேட்டு வாங்குகிறேன்.

இலை விட்டால் என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீங்கள் கல்யாணத்துக்கு வர முடியாது என்பது தெரியும். இப்போது புறப்பட்டால் விசாவைப் புதுப்பித்துத் தர மாட்டார்கள், மறுபடி உள்ளே விட மாட்டார்கள் என்று கண்டியில் இருந்து திரும்பிவிட்ட பீர் மைதீன் அண்ணாச்சி வந்து விவரமாகச் சொன்னார். கவலைப்படாதீர்கள். உங்கள் மரம் பந்தலில் நிற்கும். அப்பா நின்ற மாதிரிதான் என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பாலம்மாள்

உ
இலஞ்சி
வைகாசி மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, பாலம்மாள் எழுதுவது. நீங்கள் அனுப்பிய சேலை வந்தது. செண்பகம் அதை எடுத்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக இருக்கிறாள். கட்டுவதற்குள் நைந்துவிடும்.

நான் பயந்த மாதிரியே ஆயிற்று. சித்திரையில் மரம் இலை விட்டது. இந்த வருஷம் என்றைக்கும் இல்லாத அழகு. ஒவ்வொரு இலையிலும் நரம்புக்கு நரம்பு மஞ்சள் வரி. வெயில் பட்டால் முற்றமே பொன் பூசின மாதிரி இருக்கிறது. உங்கள் தம்பி கடற்கரைக்கு அது பொறுக்கவில்லை. மரத்துக்குச் சீக்கு என்று முடிவு கட்டி, வேரில் சாம்பல் போட்டு, வேப்பம்புண்ணாக்குக் கரைத்து ஊற்றி, நான் குற்றாலத்துக்குப் போயிருந்த நேரத்தில் கைக்கு எட்டின மஞ்சள் இலையை எல்லாம் கிள்ளிப்போட்டிருக்கிறார். “மதினி, சீக்கைக் கிள்ளி எறிஞ்சிட்டேன்” என்று பெருமை வேறு. “நல்லவேளை கொழுந்தனாரே, எனக்குத் தலைவலி வந்த அன்னைக்கு நீங்க ஊர்ல இல்ல” என்றேன்.

அவர் வாய் சும்மா இருக்குமா? சேதி சிவகிரிக்குப் போய்விட்டது. மறுநாளே இராமலட்சுமி பஸ் ஏறி வந்து இறங்கினாள். மரத்தை அண்ணாந்து பார்த்தவள் முகம் சுருங்கிப்போயிற்று. “இதென்ன சம்பந்தி, இலையெல்லாம் வெளுத்துக் கெடக்கு? சீக்கு மரத்தைக் கொண்டு பந்தல்ல நட்டா வெளங்குமா? எங்க தோட்டத்துல இருந்து நல்ல பச்சை மரமா ஒரு கொப்பு கொண்டாருதோம்” என்றாள்.

நான் முதலில் சிரித்துப் பார்த்தேன். “நம்ம சேலைக்கு மட்டும் சரிகை வேணும், மரத்துக்கு ஆவாதா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் உங்கள் தம்பிக்கு மூளை வேலை செய்தது. மரத்தின் வடபக்கம் ஒரு கொப்பு வரியே இல்லாமல் வெறும் பச்சையாகக் கிளம்பிக் கொழுத்து நின்றது. “அதை வெட்டி நட்டுருவோமே! மதினிக்கும் அதே மரம், சிவகிரிக்காரங்களுக்கும் பச்சை இலை. சண்டை தீந்துது” என்றார். இராமலட்சுமியும் தலையை ஆட்டிவிட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆனால் நீங்கள் இதை நட்ட அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. பச்சைக் கொப்பு விட்டால் உடனே வெட்டிவிடு, விட்டுவைத்தால் அது மற்றதை விழுங்கி மரம் பூராவும் பச்சையாகிவிடும் என்றீர்கள். அந்தப் பச்சை நீங்கள் கொண்டுவந்தது இல்லை, அத்தான். அது மரம் தன்னை மறந்து விட்ட கொப்பு. நான் உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் கொப்பை அடியோடு வெட்டிக் கீழே தள்ளினேன். உங்கள் தம்பி தலையில் விழவில்லை. கொஞ்சம் தப்பிவிட்டது.

ஸ்டூலில் நின்றபடியே சொன்னேன். “சம்பந்தி, எம் மகளுக்கு அப்பன் பந்தல்ல நிக்கணும். அவரால வர முடியாது. கம்பை ஊனி நொண்டி நொண்டி கடல் தாண்டிக் கொண்டாந்தாரு இதை. இது வெறும் மரமில்ல. முருகையா நட்ட கல்யாண முருங்கை. இதுதான் பந்தல்ல நிக்கும்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒரு தரம் அல்ல, மரத்தோடு சேர்த்து ஒன்றே முக்கால் தரம். உங்கள் தம்பி வாயைப் பொத்திக்கொண்டார். செண்பகம் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

இராமலட்சுமி வெட்டுப்பட்ட கொப்பைக் காலால் ஒதுக்கினாள். பிறகு, “அப்பவும் எங்க சனம் வாயை மூடணும்லா. இலையை உருவிட்டு நடுங்க” என்றாள். சரி என்றேன். இலையைத்தானே உருவச் சொன்னாள். வரி உள்ளே இருக்கிறது.

இன்று காலையில் கால்நாட்டு முடிந்தது. முகூர்த்தத்துக்கு நாள் கிடக்கிறது, இருந்தாலும் இதைவிட்டால் நல்ல நாள் இல்லை என்றார்கள். மஞ்சள் துணி கட்டி, பால் ஊற்றி, உங்கள் கொப்பு இலையில்லாமல் மொட்டைக் கம்பாக நிற்கிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனுஷ்கோடியில் சுங்கக்காரர்களை ஏமாற்ற இதைக் கைத்தடியாக ஊன்றி நொண்டினீர்களே, அதே உருவம். தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போதும் மறந்துபோய் நொண்டிக்கொண்டே வந்தீர்கள். அதுவும் வேறு காலில்.

உங்களுக்கு உடம்பு ஒன்றும் செய்யவில்லையே? பெயரைச் சொன்ன நாளில் இருந்து மனசு அடித்துக்கொள்கிறது. சுகம் என்று ஒரு வரி உடனே போடுங்கள்.

பாலம்மாள்

உ
இலஞ்சி
ஆடி மாதம், புதன்கிழமை

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, பாலம்மாள் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கண்டு நிம்மதி. பெயர் சொன்ன பிறகு பசி கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. சாப்பாட்டில் ரசம் மட்டும் கொஞ்சம் தண்ணீர். மாப்பிள்ளை தாலி கட்டும் வரை பேசவில்லை. கட்டி முடித்ததும் “நகருங்க, நகருங்க, உள்ள போங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பழக்கம் போலிருக்கிறது. பந்தலே சிரித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் கோலம் போட வந்தவள் பார்க்கிறேன், கம்பின் கணுவில் துளிர் விட்டிருந்தது. சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு இலை, அதிலும் மஞ்சள் வரி. அவசரமாக மஞ்சள் துணியை இழுத்து அதன்மேல் மூடினேன். நிமிர்ந்தால் பின்னால் இராமலட்சுமி நிற்கிறாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் குனிந்து, துணியை அவிழ்த்து, துளிர் நசுங்காமல் தளர்வாக மறைத்துக் கட்டினாள். “கெட்டத் தெரியல உமக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளை நான் கேலி செய்வது இல்லை. குறைத்துக்கொண்டேன்.

பந்தலைச் சுற்றி வந்து எல்லார் காலிலும் விழுந்தார்கள். என் காலில் விழுந்து எழுந்த செண்பகம் பக்கத்தில் பார்த்தாள். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அது. பிறகு மாப்பிள்ளை கையைப் பிடித்து நேராகக் கம்பிடம் கூட்டிப்போய் அதன் முன்னால் விழுந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சத்தமாகச் சிரித்தேன். அப்படிச் சிரித்திருக்காவிட்டால் சமையல்காரர் ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லியிருப்பார்.

இப்போது சாரல் பிடித்துவிட்டது. கம்பு வேர் விட்டு, கணுவுக்கு ஒரு கொப்பாகத் தழைத்திருக்கிறது. போன வாரம் இராமலட்சுமி அருவியில் குளிக்க வந்தவள், பெரிய மரத்தில் ஒரு கொப்பு வெட்டச் சொல்லி, மகன் பஸ்ஸிலேயே மேலே போட்டுக் கொண்டுபோனாள். பச்சை விட்டால் வெட்டணும் என்று நான் சொன்னதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். உங்கள் தம்பி அவளுக்குச் சாம்பல் வைத்தியம் சொல்லிக்கொடுக்கப் போனார். விரட்டிவிட்டேன்.

மரத்தடியில் நிழல் நன்றாக இறங்கிவிட்டது, அத்தான். கட்டிலை அங்கே போட்டிருக்கிறேன். செண்பகம் இல்லாத வீட்டுக்குள் பகலில் எனக்கு என்ன வேலை?

இத்தனை வருஷமும் நாங்கள் சுகம், வேலையைப் பாருங்கள் என்றே எழுதிவந்தேன். மகள் கல்யாணத்துக்கு மரத்தை நிறுத்திச் சமாளித்தேன். அடுத்த விசேஷம், பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குக் காது குத்து. அதற்கு நான் மரத்தை ஏற்றுக்கொள்ள மாட்டேன். மரத்துக்கு மடி கிடையாது.

விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றால் புதுப்பிக்காமல் போகட்டும். நீங்கள் வந்து சேரும் வரைக்கும் தினமும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதன் பெயரை முழுசாக, தெரு கேட்கச் சொல்லப்போகிறேன். இன்று காலையில் ஆரம்பித்துவிட்டேன். மானம் போகிறது என்றால் வந்து நிறுத்துங்கள்.

வரும்போது கம்பு எதுவும் வேண்டாம். நொண்டாமல் நேராக நடந்து வாருங்கள்.

இலஞ்சிக் குமரன், அல்ல, முருகன் துணை.

உங்கள்
பாலம்மாள்