குளித்தால்தான் கேட்டுக்குள்

திங்கள், 3 மார்ச்
மழை. ஜாசின் ரோடெல்லாம் சேறு. பாக்டரியில் பாய்லர் குழாய்மேல் இருந்த பழைய கல்நார்ப் பூச்சை உடைத்தோம். மூக்கு, தலை, சட்டை எல்லாம் வெள்ளைத் தூள். வீடு வந்ததும் பாக்கியம் வழக்கம்போல என் சட்டையை வாசலில் உதறினாள். இருமல் அவளுக்குத்தான், எனக்கில்லை. போன மாதமே வந்தது. பயம்.

புதன், 5
இருவரும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம். மனுசன் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "அந்தத் தூளு நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராதுப்பா. நீ தின்னது பத்தலைன்னு பொண்டாட்டிக்கும் கொண்டாறியா?"
இனி: நனைத்துவிட்டே உடைக்க. வேலைச் சட்டை பாக்டரியிலேயே, உதறாமல் அங்கேயே துவைக்க. குளித்துவிட்டுத்தான் வீடு. சுருட்டு கூடாது. இருவருக்கும் மலாக்காவில் எக்ஸ்ரே.
சுருட்டுதான் கஷ்டம்.

வியாழன், 6
குளித்ததில் நேரமாகிவிட்டது. கம்யூனிஸ்ட் பயத்தால் அவசரகாலம், எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி, ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் வெளியே நிற்பவன் பாடு அதோகதி. காதில் சோப்பு நுரையோடு ஓட்டம். காவல்கார பாக் மாட் பூட்டப் போனார். அரைகுறை மலாயில் சொன்னேன்: தூள், மனைவி, இருமல். தலையாட்டிக் கேட்டு, உள்ளே விட்டார்.

சனி, 8
சட்டை துவைத்ததைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரிப்பு. "பொண்டாட்டி ஆர்டர் லா!" சிரிக்கட்டும்.
இன்றும் தாமதம். கேட் திறந்தே இருந்தது. பாக் மாட் பூட்டைக் கையில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் மாட்டிய புதுப் பூட்டு. நல்ல மனிதர்.

வெள்ளி, 14
மலாக்கா. வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. பாக்கியத்துக்கு வெறும் சளி இருமல்தானாம், நெஞ்சு சுத்தம். எனக்கும் இப்போதைக்கு ஒன்றுமில்லை. பல வருஷம் கழித்தும் வரலாம், வருஷா வருஷம் வந்து காட்டு என்றார் டாக்டர். பஸ்ஸில் அவள் அழுதாள். நானும்தான். டிரசர் நன்றாக இருக்க வேண்டும்.

சனி, 15
வெயில். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிவிட்டார்களே, ஒரு நாள்தானே என்று குளிக்காமல், அதே சட்டையோடு சீக்கிரமே கிளம்பினேன். கேட்டில் பாக் மாட் என் தலையைப் பார்த்தார்.
"பெலும் மண்டி?"
இன்னும் குளிக்கவில்லை என்றேன். வழியை மறித்து, பாக்டரிப் பக்கம் கை காட்டினார். திரும்பி நடந்தேன். பின்னால் பார்த்தால், பூட்டைக் கழற்றி எண்ணெய்க் குப்பியைத் திறந்துகொண்டிருந்தார்.