நீங்கள் வலயம் என்று சொன்ன நாள்

அக்கா,

இன்று காலை நம் தெருவை ஒரு லாரி அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முதுகில் பாதி வகுப்பறை. ஆமாம், பாதிதான், மறு பாதி பின்னால் இன்னொரு லாரியில் வந்துகொண்டிருந்தது. ஜன்னல், கதவு, சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகை எல்லாம் அப்படியே இருக்க, வெட்டிய பக்கத்தை மட்டும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருந்தார்கள். மழையில் நனைந்த ஒட்டுப்பலகையின் வாசனை என் வாசல் வரை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு தற்காலிக வகுப்பறை. வளைவில் திரும்ப முடியாமல் லாரி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததைக் குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி பார்த்தேன். "அக்கா, வந்து இந்தக் கூத்தைப் பாருங்க" என்று சொல்ல எதிர்வீட்டுப் பக்கம் திரும்பியும் விட்டேன். பிறகு தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். அழவில்லை. நீங்கள் போன பிறகு எனக்கு அழுகையோ சிரிப்போ சரியாக வருவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் முதலில் பேசியதும் இதே தெருவில்தான். நாங்கள் இந்தப் பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு வீடு மாறி வந்த வாரம், ரோட்டைக் கடந்து வந்து, "நீர் தமிழோ?" என்று கேட்டீர்கள். திருச்சிக்காரிக்கு 'நீர்' என்றால் நாடக மேடையில் ராஜா மந்திரியைக் கூப்பிடுவதுதான். இந்த அம்மா என்ன, நம்மைக் கிண்டல் செய்கிறாரா என்று முறைத்தேன். அது 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில் யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கிற அன்பான இடம் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதற்குள் உங்கள் மகள் ஆரணியும் என் மகளும் தொடக்கப் பள்ளியில் ஒரே வகுப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். நான் "பேசுறேன்" என்றால் நீங்கள் "கதைக்கிறன்" என்பீர்கள். அவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தில் குசுகுசுத்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மகன் இந்த உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்திலேயே அங்கே மூச்சு முட்டியது. நூலகத்தின் ஒரு பகுதியை வகுப்பறை ஆக்கினார்கள். மதிய இடைவேளையை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டம் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுத்த கூட்டத்தை விட்டார்கள். மைதானத்தில் தற்காலிக வகுப்பறைகள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. பிள்ளைகள் ஓட இடமில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு இருந்த மனையில் எல்லாம் நெருக்கி நெருக்கி டவுன்ஹவுஸ் கட்டினார்கள். அதில் குடிவந்தவர்களின் பிள்ளைகளும் எங்கேதான் போவார்கள்? பள்ளியைத் திட்ட எனக்கு அப்போதும் மனம் வரவில்லை.

கடைசியில் ஸோனைச் சுருக்கப்போவதாக அறிவித்தார்கள். அந்த எல்லைக்குள் குடியிருந்தால் பிள்ளைக்கு இடம் நிச்சயம், வெளியே என்றால் குலுக்கல். புதிய எல்லைக்கோடு நம் தெருவின் நடுவே போனது. என் பக்கம் உள்ளே, உங்கள் பக்கம் வெளியே. ஆரணி சேரவேண்டிய வருடத்துக்குள் அவள் அண்ணன் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போயிருப்பான். அவனைக் காட்டி இடம் கேட்கவும் வழியில்லை.

அப்போது உங்களுக்கு இரண்டாம் முறையாகச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. டாக்டர் நிறைய நம்பிக்கை தரவில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் வீட்டுக் கொடியில் துணி காயப்போட நான் வந்திருந்த அன்று, நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னீர்கள்: "நான் இருக்கும் மட்டும் பரவாயில்லை. பிறகு, பிள்ளை ரெண்டு பஸ் மாறி வந்து வெறும் வீட்டைத் திறக்கக் கூடாது. இஞ்ச படிச்சாளெண்டா உம்மட பிள்ளையோட நடந்து வந்து, உம்மட வீட்டில ஏதும் சாப்பிடுவாள். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அக்கா" என்றேன். எல்லாரும் சொல்வதுதான்.

பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். நெரிசலைப் பற்றிப் பேச வந்தவர்கள் பலர் நெரிசலில் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. ஆங்கிலம் சிரமமான தமிழ்ப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல உங்களைத்தான் கேட்டிருந்தார்கள். தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றீர்கள். நாமெல்லாம் வீட்டில் ஸோன், ஸோன் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். மேடை என்றதும் உங்களுக்கு நல்ல தமிழ் வந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்தின்ர வலயத்தை மாத்தப் போகினம். இந்தக் கோட்டுக்கு அங்கால இருக்கிற ஆக்கள் இனி வலயத்துக்கு வெளியில."

உங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசை சட்டென்று அமைதியானது. கோயிலில் நாம் அடிக்கடி பார்க்கிற ஐயா ஒருவர், பேரனுக்காகக் கூட்டத்துக்கு வந்தவர், எழுந்து நின்றார்.

"எந்த வலயம், பிள்ளை? எங்கட காணியைத் திரும்ப விடுவாங்களோ?"

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு யாரும் சொல்லாமலே அந்தச் சிரிப்பு நின்றுபோனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமையாசிரியர் என்னவென்று கேட்டார். வெளியே தள்ளப்பட்டவர்கள் என்றைக்காவது உள்ளே வர முடியுமா என்று கேட்கிறார் என ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர் பொறுப்பாகத் தலையாட்டி, எல்லையை அவ்வப்போது மறுபரிசீலனை செய்வோம் என்றார். "பாத்துச் செய்வினமாம், ஐயா" என்று நீங்கள் மொழிபெயர்த்தீர்கள்.

"அப்பிடித்தான் அவங்களும் சொன்னவங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

திரும்பி நடந்து வரும்போது கேட்டேன். உங்கள் அம்மாவின் வீடும் கிணறும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் எடுத்துக்கொண்ட நிலத்துக்குள் போனதைச் சொன்னீர்கள். மூச்சு வாங்கியதால் நின்று நின்று சொன்னீர்கள். நான் ஊர்க்கதையைக் கேட்கிற நிலையில் இல்லை. என் மண்டையில் ஆரணியின் இடம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, எங்க வீட்டு அட்ரஸைக் குடுத்துடுங்க. யாரு வந்து பார்க்கப் போறாங்க? ஊரே அப்படித்தான் பண்ணுது."

"நீர் எனக்குக் கள்ள வேலை பழக்கிறீர்."

"என்னக்கா கள்ளம்? எதிர் வீடுதானே!"

விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "வீட்டை விட்டு வெளிக்கிட்டாப் பிறகு கனகாலம் மச்சாளின்ர விலாசத்திலதான் இருந்தனாங்கள். விதானையாரிட்டப் பதிவும் அங்கதான். ஆர் கேட்டாலும் அதைத்தான் எங்கட வீடெண்டு சொல்லவேணும். சொல்லிச் சொல்லி, இப்ப கனவிலயும் அம்மான்ர வீடு வாறேல்லை. எனக்கெண்டு ஒரு கதவு இஞ்சதான் கிடைச்சது. அதை இல்லையெண்டு சொல்ல ஆரணி பழகக் கூடாது."

விதானையார் என்றால் உங்கள் ஊரில் கிராம அதிகாரி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் படிப்பு முக்கியமா, உங்கள் கதவு முக்கியமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

கோடு மாறவில்லை. குலுக்கலில் ஆரணியின் பெயர் வரவில்லை. இன்னொரு பள்ளியின் சீருடைப் பாவாடையை நீங்கள்தான் ஓரம் மடித்துத் தைத்தீர்கள். "வேற நிறம், அவ்வளவுதானே" என்றீர்கள். அவள் விடியும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாள். அங்கேயும் நல்ல ஆசிரியர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தூரம் மட்டும்தான்.

அந்தக் குளிர்காலத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீட்டுக்கார அண்ணன் எனக்கு போன் செய்தபோது ஆரணி இரண்டாவது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் போனில் சொல்ல வேண்டாம் என்றார். நான் போய் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவள் இறங்கினாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "அப்பா எங்க?" என்று மட்டும் தமிழில் கேட்டாள். பையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் நடந்து வந்தோம். அன்று மரத்தது இன்னும் தெளியவில்லை. காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தேன், நாற்காலிகளைத் துடைத்து அடுக்கினேன். எல்லாரும் என்னைப் பொறுப்பானவள் என்றார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் வாசலில் வந்து நின்றார். ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை என்பது உங்களுக்குத் தெரியாததா. "தங்கச்சி, வேலை நாளில பிள்ளை உங்களோட இருக்கட்டோ?" என்று கேட்டார். கேட்க என்ன இருக்கிறது? முதலில் அவளுடைய பல்துலக்கி வந்தது, பிறகு புத்தகங்கள், பிறகு தலையணை. சனி ஞாயிறு எதிர்வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சமைத்து வைக்கிறாள். உப்புக் கூடத்தான் போடுகிறாள், அவர் ஒன்றும் சொல்வதில்லை.

பல மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "ஆரணி இப்ப நம்ம வீட்லதானே இருக்கா? அப்போ ஸோனுக்குள்ளதானே இருக்கா?" நான் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டேன். எனக்கு முன்பே அது தோன்றாமல் போனதா, தோன்றியும் தள்ளி வைத்திருந்தேனா, தெரியவில்லை.

அண்ணனும் நானும் அவளை அழைத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண்மணி தன்மையாகத்தான் பேசினார். இடத்துக்காக முகவரி கொடுப்பவர்கள் உண்டு என்பதால் கேட்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆரணியிடமே கேட்டார், நீ எங்கே இருக்கிறாய் என்று.

"வாரம் முழுக்க ஆன்ட்டி வீட்டில்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே, "ஆனால் எங்கள் வீடு எதிர்ப்பக்கம்" என்றாள்.

அண்ணன் தரையைப் பார்த்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணி நிறுத்தினார். அப்படியென்றால் ஏன் அங்கே இருப்பதில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மா இல்லை. அப்பாவுக்கு இரவில் வேலை."

பெண்மணி மறுபடி விசைகளைத் தட்டத் தொடங்கினார். என் வீட்டு எண்தான் திரையில் ஏறியது. யாரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் விரும்பியபடியேதான் நடந்தது.

இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போகிறார்கள், சேர்ந்து நடந்து வருகிறார்கள். ஆரணி நன்றாகச் சாப்பிடுகிறாள், சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று தெரிகிறது. அது எப்போது வருமோ வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. இதை யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால் அவர்கள் முகத்தில் அப்புறம் விழிக்க மாட்டேன். இதுவரை யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, தினமும், நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.