வாடகைச் சீலை

மாப்பிள்ளே,

இன்று காலை என் வீட்டுக்காரி பீரோவைக் குடைந்தபோது, அந்துருண்டை வாசனைக்குள்ளிருந்து நம் கல்லூரி மேடையின் பவுடர் வாசனை கிளம்பி வந்தது. அரக்கு நிறக் கூறைப்பட்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு சீலைங்க?" என்றாள். மூன்று உலகத்தையும் வாயாலேயே வென்ற நான், முதலில் அவளை உட்காரச் சொன்னேன்.

இங்கிலாந்தில் வருஷக்கணக்கில் சிரிக்கவைத்த ஆவி நாடகம் ஒன்றை நம் புரொபசர் தமிழாக்கினாரே, நினைவிருக்கிறதா? இரண்டாம் தாரத்தோடு சுகமாக வாழ்கிறவன் விளையாட்டாக, ஆவி கூப்பிடும் கோடாங்கியை அழைக்க, செத்துப்போன முதல் தாரம் நிஜமாகவே வந்து நிற்பாள். புருஷன் நான். என் ஒட்டுமீசையைக் கண்டு புதுக்கோட்டைச் சீமையே மயங்கிக் கிடந்தது. ஆவி நீ.

புரொபசர் வெள்ளைச் சீலையை நீட்டினார். நீ வாங்கவில்லை.

"மஞ்சக் குங்குமத்தோட போனவ சார். வெள்ளை எதுக்குங்க கட்டணும்? கூறைச்சீலையிலதான வருவா?"

"சரிப்பா, எங்கிட்டாவது தேடிக் கொண்டா."

கொண்டுவந்தாய். படுதாவுக்குப் பின்னால் கொசுவம் வைத்தபடி சொன்னாய்: "எங்க ஆத்தா சீலைடா இது. ஆத்தா போனதுலேருந்து அப்பச்சி அவளப் பத்தி வாயே தொறந்ததில்ல. இன்னிக்கு இதப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டாருன்னா எனக்குப் போதும்."

திருமயத்துக்கு அங்கிட்டிருந்து கார் வைத்து வந்த உன் தகப்பனாராகிய அப்பச்சி முதல் வரிசையில் இருந்தார், பக்கத்தில் அவருடைய இரண்டாம் தாரம், உன் சின்னாத்தா. நீ மேடையேறினாய். கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டுப் பேய்களெல்லாம் உன்னிடம் தொழில் கற்க வரிசையில் நின்றிருக்கும், அப்படி ஒரு நடை. "என்னய மறந்துட்டீகளா?" என்னைப் பார்த்துக் கேட்கவேண்டிய வசனம் அது. நீ முதல் வரிசையைப் பார்த்துக் கேட்டாய்.

உன் அப்பச்சி தொடையில் அடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குடுமியான்மலையில் ரெண்டு பாறை உருண்டிருக்கும். சின்னாத்தா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்துகொண்டாள். வருஷா வருஷம் அந்தச் சீலையை வெயில் காட்டி மடித்து வைத்தவள் அவள்தானே.

நாடகம் முடிந்து அப்பச்சி உள்ளே வந்தார். நூலைத் தொட்டே ஊரைச் சொல்லிவிடும் ஜவுளிக்கடை முதலாளியான அவர், உன் முந்தானையை விரலில் தேய்த்துப் பார்த்தார். "சரியான பட்டுடா! எங்க வாடகைக்கு எடுத்தீக?"

"அறந்தாங்கியிலங்க அப்பச்சி," என்றாய்.

அதோடு சரி. நீ பரீட்சை எழுதவில்லை. உங்கள் மலாயாக் கடைக்குக் கப்பல் ஏறினாய், போன மாசம் சாவுத் தந்தியாகத் திரும்பி வந்தாய். காரியத்தன்று உன் அப்பச்சி வந்தவர்களிடமெல்லாம், "பேய் வேசம் கட்டுனான் பாருங்க, வயிறு வலிக்கச் சிரிச்சேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னாத்தாதான் என்னை உள்ளே அழைத்து, சீலையைக் கையில் வைத்தாள்.

"நீங்க கொண்டு போயிருங்க தம்பி. இங்க இதுக்கு ஆளில்ல."

அதனால் என் வீட்டுக்காரியிடம் உள்ளதைச் சொன்னேன்: "என் மாப்பிள்ளையோட ஆத்தா சீலை."

அவள் அதை மடியில் வைத்துத் தடவியபடி, "அவுக பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

தெரியவில்லை, மாப்பிள்ளே. உங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் அந்தப் பேரை நான் கேட்டதில்லை. சீலை மட்டும் என்னிடம் இருக்கிறது.