நொய்யின் கலியாணம்

ஞாயிறு, இரவு

இன்று நொய்க்குக் கலியாணம். லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரே அழகு நிலையத்தில்தான் நாங்கள் இருவரும் புருவம் திருத்தும் வேலை செய்கிறோம். அவள் லாவோஸ்காரி. என்னைப் போலவே பருத்த உடம்பு.

லா கூர்னெவ் புறநகரில் அவள் வீட்டு வாசலை அவள் பக்கத்துப் பெண்கள் ஒரு வெள்ளி ஒட்டியாணத்தால் மறித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை கெஞ்சினான். அவர்கள் ஊற்றிய சாராயத்தைக் குடித்தான். காசு உறைகளை நீட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

சாப்பாட்டின்போது அவளுடைய சின்னம்மா எல்லாருக்கும் முன்னால் அவள் கையைக் கிள்ளி ஏதோ சொன்னாள். நொய் சிரித்துக்கொண்டே எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள்: "நல்லாய்க் கொழுத்திட்டனாம்!" மாப்பிள்ளையும் சிரித்தான். சிரித்தபடியே இன்னொரு கோழித்துண்டை அவள் தட்டில் வைத்தான்.

நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். போன மாதம் எனக்குப் பேசிய லண்டன் மாப்பிள்ளை வீட்டார் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை கொஞ்சம் மெலிஞ்சால் பாப்பம்" என்றார்கள். அன்றிலிருந்து நான் இரவில் சோறு தின்பதில்லை.

நொய்யின் காதருகே குனிந்து, "உன்ர பாவாடை இடுப்பில இறுக்குது, வடிவாய் இல்லை" என்றேன்.

"ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கோழியைக் கடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "அவளும் உன்னை மாதிரி மொத்தமான உடம்புதானே?"

"ஓம்."

"பின்னை அவளுக்குக் கலியாணம் எப்பிடிச் சரிவந்தது?"

ரயிலில் வரும் வழியெல்லாம் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.